பனிக்குப் போக நான்கு வழிகள்: திருகோணமலை மாணவி ஒருவருக்காக எழுதிய ஒப்பீடு

சென்ற பங்குனியில் ஒரு பிற்பகல், கடல்சார் விஞ்ஞானத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் மாணவி ஒருவர் கொப்பி ஒன்றோடு என் அறைக்கு வந்தார். துருவ ஆய்வுப் பயணம் ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அதற்கு நான்கு வழிகளைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதியிருந்தார். இந்தியாவின் அந்தாட்டிக்கா நிகழ்ச்சித்திட்டம் முதலாவது. நோர்வேக்குரிய ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள பல்கலைக்கழக நிலையத்தில் ஒரு தவணை படிப்பது இரண்டாவது. ஜேர்மனியின் ஆய்வுக் கப்பலையும் அதனை ஒட்டிய பயிற்சிகளையும் பிடிப்பது மூன்றாவது. நான்காம் பக்கத்தில் "இங்கேயே இருந்து தரவுகளோடு வேலை செய்தல்" என்று ஒரேயொரு வரி இருந்தது; அதையும் எழுதிய பிறகு வெட்டியிருந்தார். "எது சரிவரும், சேர்?" என்று கேட்டார். அன்று நான் சொன்னது அரைகுறையான பதில். பின்னர் ஆறுதலாக யோசித்து அவருக்கு எழுதிக் கொடுத்ததை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

செலவு, விசா, காலம் ஆகிய மூன்றையும் எவரும் சொல்லாமலே பார்ப்பார்கள். அவற்றுக்கு மேலாக நான் வைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு: தெரிவு கிடைக்காமற் போனால், அல்லது கிடைத்த பயணம் கடைசி நேரத்தில் தள்ளிப்போனால், அந்த வழிக்காகச் செலவிட்ட ஆண்டுகளுக்கு ஈடாகக் கையில் என்ன மிஞ்சும்? துருவத்தில் இடம் என்பது கட்டில் கணக்கு. ஒரு நிலையத்திலோ கப்பலிலோ இத்தனை கட்டில்கள்தான் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் படுப்பவர், மற்றவர்கள் நம்பியிருக்கும் ஏதாவதொரு வேலையைச் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆகவே எந்த வழி ஒருவரை அப்படிப்பட்ட வேலைக்காரராக ஆக்குகிறது என்பதுதான் கேள்வி.

இந்திய வழி நமக்கு மனத்தளவில் மிக அருகில் இருப்பது. வரைபடத்திலும் அது தூரமில்லை என்று தோன்றும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து நேர் தெற்கே போனால் இடையில் நிலம் எதுவும் குறுக்கிடாது. முதலில் எதிர்ப்படுவது அந்தாட்டிக்காவின் பனிக்கரைதான். இந்தியாவின் பாரதி நிலையம் 2012 முதல் இயங்கும் லார்ஸ்மன் குன்றுகள் கிழக்கு நெடுங்கோடு 76 பாகையில் உள்ளன. நமது ஊர் 81 பாகையில் உள்ளது. அதற்கு முந்திய மைத்திரி நிலையம் 1989 முதல் மேற்கே வெகுதூரத்தில் ஷிர்மாக்கர் பாறை வெளியில் இயங்கி வருகிறது. 1981 இல் முதற் பயணம் புறப்பட்ட காலத்திலிருந்து சேர்ந்த அனுபவத்தை, கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இன்று கையில் வைத்திருக்கிறது.

ஆனால் அது ஒரு நாட்டின் தேசிய நிகழ்ச்சித்திட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1959 இல் கைச்சாத்தான அந்தாட்டிக்கா உடன்படிக்கையில் இந்தியா 1983 இல் சேர்ந்தது. இலங்கை அதில் ஒரு தரப்பு அல்ல. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தமது நாட்டின் ஊடாக விண்ணப்பிக்க ஒரு வாசல் இல்லை. இந்திய நிறுவனம் ஒன்றின் ஆய்வுத் திட்டத்துக்குள் முதலில் நுழைந்து, அதன் வழியாக அனுமதி பெற்றால்தான் உண்டு. அதற்கு நடைமுறையில் உள்ள படி முதுமாணிப் படிப்பு. இலங்கை மாணவருக்கு இந்திய அரசு வழங்கும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு உரியது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மொழி இடறாது, சாப்பாடு இடறாது, வீட்டுக்கு வந்துபோக அதிக செலவில்லை. பயணம் கிடைக்காவிட்டாலும் நல்லதொரு பட்டம் மிஞ்சும் என்பதால் எனது அளவுகோலில் இந்த வழி தோற்கவில்லை. தோற்பது காலத்தில்: முதுமாணிக்கு இரண்டு ஆண்டு, அதன்பின் ஆய்வுத் திட்டத்தில் பெயர் வர எத்தனை ஆண்டு என்பது மேற்பார்வையாளரின் கையில் இருக்கிறது.

தெரிவானவர்களுக்குக் காத்திருக்கும் சோதனைகளையும் அவர் கணக்கில் எடுத்திருக்கவில்லை. இந்தியக் குழுவினர் டில்லியில் கடுமையான மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுகிறார்கள். பின்னர் உத்தரகாண்டின் அவுலி மலையில் பனியில் நடக்கவும் பிளவில் விழுந்தவரைத் தூக்கவும் பழகுகிறார்கள். மருத்துவப் பரிசோதனையை வெறும் சடங்காக எண்ணுபவர்களுக்கு 1961 ஏப்ரலில் நடந்ததைச் சொல்வேன். இப்போது மைத்திரி இருக்கும் அதே ஷிர்மாக்கர் பகுதியில், அன்றைய சோவியத் நிலையமான நோவோலாசரெவ்ஸ்காயாவில் லியோனித் ரோகசோவ் என்ற இளம் மருத்துவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். கண்ணாடியைப் பிடிக்க ஒருவர், கருவிகளைக் கொடுக்க ஒருவர் என்று நிறுத்திவைத்துத் தமது வயிற்றைத் தாமே அறுத்துச் சத்திரசிகிச்சை செய்து பிழைத்தார். எனவே பல்லுச் சொத்தை ஒன்றை நிரப்பாமல் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதில் பயனில்லை. மாணவிக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை. அதைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன்.

ஸ்வால்பார்ட் பற்றிய பக்கத்தைத்தான் அவர் மிக அழகாக எழுதியிருந்தார். வண்ணப் பென்சிலால் ஒரு கரடிகூட இருந்தது. வடக்கு அகலக்கோடு 78 பாகையில் லோங்யியர்பீன் என்ற சிற்றூரில் 1993 முதல் இயங்கும் அந்தப் பல்கலைக்கழக நிலையம், ஆட்டிக் பிரதேசத்தின் உயிரியல், புவிச்சரிதவியல், புவிப்பௌதிகம், தொழில்நுட்பம் ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் கற்பிக்கிறது. இதன் பெரிய சிறப்பு, ஆராய்ச்சியாளர் ஆகும் வரை காத்திராமல் இளமாணி மட்டத்திலேயே ஒருவர் பனியாற்றின் மீது நின்று அளவெடுக்க முடியும் என்பதே. படிப்பு தொடங்குமுன் எல்லோரும் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும்: பனிப் பிளவு, பனி ஸ்கூட்டர், குளிர்நீரில் விழுந்தால் தப்பும் முறை, கடைசியில் கரடிக்காகத் துப்பாக்கி. ஊர் எல்லையைத் தாண்டுபவர்கள் துருவக் கரடியை விரட்ட வழிவகையோடுதான் போகவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். எங்கள் பகுதியில் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டால் ஒரு தலைமுறைக்கு வேறு நினைவுகள் வரும்; பேர்த்தி பாடத்திட்டத்தில் துப்பாக்கி பழகப்போகிறாள் என்று கேட்ட அம்மம்மா அன்று இரவு சாப்பிடவில்லையாம்.

விசா விடயத்தில் ஒரு மயக்கம் உண்டு. 1920 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழிவந்த நிர்வாகத்தில் ஸ்வால்பார்ட்டுக்குள் நுழைய விசா தேவையில்லை என்பது உண்மைதான். ஆயினும் அங்கு போகும் விமானம் நோர்வேப் பெருநிலத்தைத் தொட்டுத்தான் போகிறது; அதனால் இலங்கையருக்கு ஷெங்கன் விசா தேவை, அதுவும் திரும்பி வரும்போது மறுபடி நுழைவதற்குச் செல்லுபடியாவதாக இருக்கவேண்டும். தன்னைத் தானே தாபரிக்க இயலாதவரை அங்குள்ள ஆளுநர் திருப்பி அனுப்பலாம். ஏறக்குறைய எல்லா உணவும் கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குவதால் விலையும் அதற்கேற்ப இருக்கும். ஒரு தவணைக்கு வேண்டிய பணத்தை வங்கியில் காட்டுவது மீன்பிடிக் குடும்பம் ஒன்றுக்கு எளிதல்ல. புலமைப்பரிசில் இன்றி இந்த வழியில் இறங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். வீட்டு உறுதியை அடகு வைத்துக் கரடி பார்க்கப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இருளையும் எடைபோட வேண்டும். அங்கே ஒக்டோபர் 26 அளவில் மறையும் சூரியன் பெப்ரவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். அன்று ஊரார் பழைய வைத்தியசாலைப் படிக்கட்டருகே கூடி வெயிலை வரவேற்கிறார்கள். தைப்பொங்கலன்று கிழக்கே கடலைப் பார்த்துப் பொங்கும் நமக்கு அது விளங்காத வழக்கம் அல்ல. ஆனால் நான்கு மாத இருளில் தனியே இருந்து படிப்பது வேறு கதை. ஒரு தவணை முடிந்த பின் மிஞ்சுவது பாடப் புள்ளிகளும் பனியில் நடமாடும் துணிவும் சில நல்ல தொடர்புகளும். பெறுமதியானவைதான், ஆனால் ஒரு தவணைக்குள் முடிந்துவிடும்.

கப்பல் வழிக்கு வருகிறேன். இதை மாணவி மூன்றாவதாக எழுதியிருந்தாலும் எனக்கு இதில்தான் மனம் ஊன்றியது. ஜேர்மனியின் துருவ ஆய்வு நிறுவனமான அல்பிரட் வெகெனர் நிறுவனத்தின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 1982 முதல் இரு துருவங்களுக்கும் போய்வருகிறது. 118 மீற்றர் நீளம். ஒன்றரை மீற்றர் தடிப்புள்ள பனியை உடைத்தபடி நகரக்கூடியது. பெயரின் பொருள் துருவ நட்சத்திரம். நிலாவெளிக் கரையில் நின்றால் அடிவானத்துக்கு மேலே எட்டரைப் பாகையில், பெரும்பாலும் கடல் மங்கலில் மறைந்தே இருக்கும் அந்த நட்சத்திரம் லோங்யியர்பீனில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும்.

2019 செப்டெம்பரில் நோர்வேயிலிருந்து புறப்பட்டு, பனியில் தன்னை உறையவிட்டு, அதனோடு மிதந்து 2020 ஒக்டோபரில் ஊர் திரும்பியது இந்தக் கப்பல். அந்தப் பயணத்தோடு இணைந்து, துணைக்குச் சென்ற ரஷ்யக் கப்பலில் 20 இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு பாடசாலை நடத்தப்பட்டது. அதுபோன்ற வாய்ப்புத் தலைமுறைக்கு ஒருமுறை வருவது. அதை நம்பித் திட்டமிட முடியாது. நம்பக்கூடியவை சிறியவை. ஜேர்மனிக்கும் தென் அரைக்கோளத்துக்கும் இடையே கப்பல் இடம்பெயரும்போது சில ஆண்டுகளில் அதிலேயே பல நாட்டு மாணவர்களுக்கு அத்திலாந்திக் நெடுகிலும் அளவெடுக்கக் கற்பித்திருக்கிறார்கள். அதே நிறுவனம் வட கடலின் ஹெல்கோலாந்து தீவில், வளர்முக நாடுகளின் பட்டதாரிகள் பத்துப் பேரைத் தெரிந்து பத்து மாதம் கடல் அவதானிப்பைப் பழக்கும் பயிற்சியை 2013 இல் ஆரம்பித்தது. இவற்றுக்கு அழைப்பு வெளியாகும் ஆண்டைக் கவனித்திருந்து விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி அந்த அறிவைப் பயன்படுத்தக்கூடியவர் என்று காட்டுபவருக்கே வாய்ப்பு அதிகம்.

கப்பலில் அவர்கள் பழக்கும் வேலை என்ன? உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் மூன்றையும் ஒருங்கே பதியும் கருவியை வளையமாக அடுக்கிய போத்தல்களோடு கம்பியில் இறக்கி, மேலே வரும் வழியில் வேண்டிய ஆழத்தில் ஒவ்வொரு போத்தலாக மூடி, கப்பல் தளத்துக்கு வந்ததும் சிந்தாமல் நீரைப் பிரித்து, பெயர்ச்சீட்டு எழுதி, இரவு இரண்டு மணிக்கும் அதே ஒழுங்கில் திரும்பச் செய்வது. சலிப்பூட்டும் வேலை. ஆனால் துருவத்துக்குப் போகும் எந்தக் கப்பலிலும் இது தெரிந்தவருக்குக் கட்டில் உண்டு. பயணம் கிடைக்காவிட்டாலும் இந்தக் கைப்பழக்கம் கொழும்பில், கொச்சியில், எங்கும் செல்லும். கப்பல் வழியின் குறை, எந்த ஆண்டில் கிடைக்கும் என்று சொல்ல முடியாமை. அடுத்த குறை கடற்குமட்டல். தகப்பனாரின் படகில் சிறு வயதிலிருந்தே போய்ப் பழகியவர் என்பதால் தமக்கு அது வராது என்றார் மாணவி. படகின் ஆட்டமும் பெருங்கப்பலின் ஆட்டமும் ஒன்றல்ல. படகில் அசையாதவர்கள் கப்பலில் மூன்று நாள் படுத்ததை நானே பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன்.

வெட்டப்பட்ட நான்காம் பக்கம். அதை வெட்டியதற்கு அவர் சொன்ன காரணம், "அது போவதில்லையே, சேர்" என்பது. போவதில்லைதான். ஆனால் மற்ற மூன்று வழிகளும் தங்கியிருப்பது இதில்தான். கொட்டியாரக்குடாவின் வாயிலிலேயே தொடங்கும் திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு, கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே ஆழ்ந்து, 3,000 மீற்றருக்கு அப்பால் இறங்குகிறது. மேலே நீர் 29 பாகை செல்சியசாக இருக்கும்போது அந்த அடியில் அது இரண்டு பாகைக்கும் குறைவு. அந்தக் குளிர் நமது கடலில் உண்டானதல்ல. அந்தாட்டிக்காவின் கரையோரத்தில் கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளுகிறது. மிஞ்சும் நீர் உப்பாலும் குளிராலும் கனத்து அடிக்குச் சரிந்து, நூற்றாண்டுக் கணக்கில் வடக்கே ஊர்ந்து, வழியில் மற்ற நீரோடு கலந்து, வங்காள விரிகுடாவின் ஆழத்தையும் வந்தடைகிறது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சியில் நின்று கீழே பார்ப்பவர், அந்த நீலத்துக்கு அடியில் தென்துருவத்தின் நீர் கிடக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நீரைப் பற்றிப் படிக்கக் கப்பல் வேண்டாம். உலகெங்கும் மிதக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கொருமுறை 2,000 மீற்றர் ஆழம் வரை இறங்கி ஏறி அனுப்பும் அளவீடுகளை எவரும் இலவசமாக எடுக்கலாம். அவற்றில் சில நமது கிழக்குக் கடலிலேயே மிதக்கின்றன. 1979 முதல் செய்மதிகள் எடுத்துவரும் கடற்பனிப் பதிவும் அப்படியே; அந்தப் பதிவில் அந்தாட்டிக்காவின் கடற்பனி 2023 பெப்ரவரியில் அதுவரை காணாத அளவு சுருங்கியது. ஒரு மடிக்கணினியும் பைதன் நிரலாக்கமும் இருந்தால் பட்ட ஆய்வை இதிலேயே செய்யலாம். துருவத்துறை இளம் ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கத்தில் சேரக் கட்டணம் இல்லை. வழிகாட்ட ஒருவரை அங்கே தேடலாம். குறை என்னவென்றால், இந்த வழியில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பனித்துகள்கூட முகத்தில் விழாது. அது சிறிய குறை அல்ல. அந்தப் பிள்ளைக்கு அதுதான் கனவே.

பணம் கொடுத்துப் போகும் வழியை அவர் எழுதவில்லை. ஆனால் அவரிடம் ஒருவர் பேசியிருக்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் நிலையம் ஒன்று, "துருவ ஆய்வுப் பயிற்சி" என்ற பெயரில் பெருந்தொகை கேட்டதாம். விசாரித்தபோது அது உல்லாசப் பயணக் கப்பலில் பத்து நாள் என்று தெரிந்தது. பென்குயினைப் படம் எடுக்க நல்லது. ஆய்வுக்குழு எதுவும் அதை அனுபவமாகக் கணக்கில் எடுக்காது.

குளிரைப் பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு சோதனை செய்தோம். தெரிந்தவர் ஒருவரின் மீன் குளிரறை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் இயங்குகிறது. மாணவி உள்ளே போனார். இரு கைகளிலும் இரட்டைக் கையுறை, கையில் சிறு மாதிரிப் போத்தல்கள் பத்து, பெயர்ச்சீட்டுகள், ஒரு பேனை, ஒரு பென்சில். கதவைச் சற்றே திறந்துவைத்து நான் நேரம் பார்த்தேன். நான்காவது போத்தலில் பேனை எழுதவில்லை. ஆறாவதில் மூடி கையிலிருந்து நழுவிப் பெட்டிகளுக்கு அடியில் போனது. ஒன்பதாவதில் கையுறையைக் கழற்றினார். கழற்றிய விரல்கள் அடுத்த நிமிடத்தில் சொன்னபடி கேட்கவில்லை. வெளியே வந்தபோது குளிரைவிட வியர்வையைப் பற்றித்தான் பேசினார்: அவசரத்தில் உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டை ஈரமாகி, அந்த ஈரம்தான் நடுங்கவைத்தது. பருத்தி வேண்டாம், கம்பளியோ செயற்கை இழையோதான் உடலை ஒட்டி இருக்கவேண்டும், வேர்க்குமுன் ஓர் உடுப்பைக் கழற்ற வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் உண்டு. வெளி உடுப்பைப் பெரும்பாலும் நிலையங்களே கொடுத்துவிடும். ஆகவே பணத்தை விலையுயர்ந்த குளிர்ச்சட்டையில் போடவேண்டாம், பென்சில் போதும்.

இனித் தீர்மானம். பல நாடுகள் ஒன்றுசேர்ந்து துருவங்களை ஆராயும் சர்வதேச துருவ ஆண்டுகளில் ஐந்தாவது 2032–33 இல் வருகிறது. முதலாவது 1882–83 இல் நடந்தது; நான்காவது 2007–08 இல். அந்த ஆண்டுகளில் பயணங்களும் பணமும் ஒன்றுசேரும், புதியவர்களுக்கும் கட்டில் கூடும். இன்று மூன்றாம் வருடத்தில் இருப்பவர் அப்போது ஆய்வுப் பட்டத்தின் முடிவில் இருக்கலாம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணியபோது வரிசை தானாக அமைந்தது. நான்காம் வருட ஆய்வை வீட்டு வழியில் செய்வது. அதன் முடிவுகளோடு கப்பல் பயிற்சிகளுக்கு விண்ணப்பிப்பது. அதே ஆண்டில் இந்தியப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பித்து, எது முன்னே கிடைக்கிறதோ அதை எடுப்பது. ஸ்வால்பார்ட்டை முதுமாணிக் காலத்தில் நிதியோடு வந்தால் மட்டும் ஏற்பது. கப்பலுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தினால் கப்பல் என்பேன். மாணவியின் தாயார் இந்தியா என்கிறார். அவருடைய நியாயம், ஏதாவது நடந்தால் ஒரு நாளுக்குள் போய்ச் சேரலாம் என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனி மாதத்தில் கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில் தகப்பனாரின் படகில் மூவரும் பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போனோம். இரவல் வாங்கிய வெப்பப்பதிகருவியைப் பத்து மீற்றருக்கொரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிற்றில், அடியில் ஈயக்குண்டு கட்டி இறக்கினோம். நீரோட்டத்தில் கயிறு சரிந்தது. சரிந்த கோணத்தை மாணவி பாகைமானியால் அளந்து, உண்மையான ஆழம் கயிற்றின் நீளத்தைவிட எவ்வளவு குறைவு என்று படகிலேயே கணக்கிட்டார். மேலே 29 பாகை. கயிறு முழுவதும் போனபோது 15. "இவ்வளவு குளிரா கீழே?" என்று தகப்பனார் கேட்டார், முப்பது வருடமாக அந்த நீரின் மேலே தொழில் செய்பவர். "இன்னும் கீழே போனால் இன்னும் குளிர், அப்பா" என்று கொப்பியைத் திறந்து, வெட்டிய வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினார். அன்று இருந்த கயிறு 200 மீற்றர். அடுத்த முறைக்கு 400 வேண்டும். விலை கேட்க நாளை கடைத்தெருவுக்குப் போகிறார்.